கம்பிக்கும் கைக்கும் நடுவே

மவுன்ட்–பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தூண்களை விட்டு காட்டுப்பாக்கத்துக்குள் திரும்பினால், தெருவுக்கு ஒரு வீடாவது மாடி ஏறிக்கொண்டிருக்கிறது. நான் போன வீட்டில் இரண்டாம் தளத்துக்கு சென்டரிங் அடித்து, கம்பி கட்டும் வேலை. ரோட்டிலிருந்து அண்ணாந்து பார்த்த 11,000 வோல்ட் லைன், மேலே ஏறி நின்றால் தோள் மட்டத்தில் ஓடுகிறது.

இந்த லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. சுவரை அளந்தால் சரியாகவே இருக்கலாம். ஆனால் முறுக்குக் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. கீழிருந்து நிமிர்த்தி மேலே கொடுக்கிறார்கள். அந்த முனை எந்தப் பக்கம் சாயும் என்று யார் அளப்பது?

"லைனை நிறுத்தச் சொல்லலையாண்ணே?" என்றேன்.

"அதுக்கு முன்னாடியே எழுதிக் குடுக்கணும் சார். ஓனரு நாளைக்கே காங்கிரீட்டுங்கறாரு. பசங்க பார்த்துத்தான் தூக்குவாங்க" என்றார் மேஸ்திரி.

பசங்களில் ஒருவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பட்டாணி அளவு கறுப்புத் தழும்பு. எப்போதோ கட்டிங் மெஷின் ஒயரில் ஷாக் அடித்ததாம். மருந்துக்கடை ஆயின்மென்டோடு சரி. அது 230 வோல்ட். 11,000 வோல்ட் லைனிலும் வெளியே தெரிவது சில சமயம் இவ்வளவுதான், அங்கேதான் ஏமாந்துபோகிறோம்.

நெருப்புச் சுட்டால் புண் வெளியிலிருந்து உள்ளே போகும். 1000 வோல்ட்டைத் தாண்டிய மின்சாரமோ கையில் நுழைந்து காலில் வெளியேறும் வழியெல்லாம் தசையையும் நரம்பையும் ரத்தக்குழாயையும் வேகவைக்கிறது. எலும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அதை ஒட்டிய சதைக்குத்தான் சேதம் அதிகம். செத்த தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். அதனால்தான் டாக்டர்கள் இ.சி.ஜி. எடுத்த கையோடு, மணிக்கு 75 முதல் 100 மில்லி சிறுநீர் இறங்கும்வரை டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள்.

கை வீங்கி உள்ளழுத்தம் கூடினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். அப்போது முன்கையின் தோலையும் தசை உறையையும் நீளவாக்கில் கீறித் திறந்துவிட வேண்டும். நல்லாயிருக்கிற கையை ஏன் வெட்டுகிறார்கள் என்று வீட்டார் பதறுவது இந்த இடத்தில்தான். சில மணி நேரம் தவறினால் கையையே எடுக்க நேரலாம். பிறகு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஆபரேஷன் தியேட்டர். எது செத்த சதை என்று ஒரே நாளில் தெரிந்துவிடாது. எலும்பு வெளியே தெரிந்தால் வெறும் தோல் ஒட்டுப் பிடிக்காது. கையைக் கவட்டுப் பக்கத் தோலோடு தைத்து, மூன்று வாரம் போல அப்படியே வைத்திருந்து பிரிப்பதும் உண்டு.

மேஸ்திரியிடம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையைப் பற்றிச் சொன்னேன். மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த திண்டுக்கல் மாவட்டக் கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு, 2018 பிப்ரவரியில் அங்கே மூளைச்சாவு அடைந்தவரின் கைகளைப் பொருத்தினார்கள். ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் தெருவில் கிடந்த கம்பிக் கட்டைப் பார்த்தார். "கீழயே ரெண்டா வெட்டி ஏத்தலாம் சார். ஆனா வெட்டின இடத்துல லேப் விடணும், கம்பி கூடுதலா இழுக்கும். ஓனருக்கு போன் போட்டுக் கேக்கறேன்."