சிறை மீண்டவருக்கு ஒரு கருவிப் பெட்டி



சென்ற ஆண்டு ரமலானில் எங்கள் ஜமாஅத்தின் ஜகாத் குழு கூடியிருந்தபோது ஓர் இளைஞர் வாசலில் வந்து நின்றார். எங்கள் தெருப் பிள்ளைதான். அடிதடி வழக்கொன்றில் தண்டனை பெற்று, மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். "காக்கா, உள்ளே எலக்ட்ரீஷியன் வேலை படிச்சிருக்கேன். டிரில்லிங் மெஷினும் சாமான்களும் வாங்கித் தந்தாப் போதும். காசா வேண்டாம்" என்றார். ஏறத்தாழ 9,000 ரூபாய்ச் செலவு. "பார்க்கலாம் தம்பி" என்று அனுப்பி வைத்தவன் நான்தான். அவர் சென்றபின், "எத்தனையோ விதவைகளும் அநாதைகளும் காத்திருக்க, ஜெயிலுக்குப் போனவனுக்கா?" என்று கேட்டவனும் நான்தான். எவரும் மறுத்துப் பேசவில்லை. பட்டியலில் அடுத்த பெயருக்குச் சென்றோம்.

சில நாள்களில் தராவீஹில் சூரா யூசுப் ஓதப்பட்டது. சிறையிலிருந்து விடுதலையாகும் தோழரிடம், தம்மைப் பற்றி அரசனிடம் எடுத்துச் சொல்லுமாறு யூசுப் நபி (அலை) கேட்டுக்கொண்டார்கள். அவர் மறந்துவிட்டார். நபியவர்கள் மேலும் சில ஆண்டுகள் சிறையிலேயே இருக்க நேர்ந்தது. பின்னாளில் ஒரு நாட்டையே பஞ்சத்திலிருந்து காக்க உதவிய அறிவு, அந்தச் சிறைக்குள்ளும் அவர்களிடம் இருந்தது. வெளியே அவர்களை நினைவுபடுத்த ஒருவர்தான் இல்லை. அந்த வரலாற்றை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மறந்துபோன அந்த மனிதனின் இடத்தில் நான் நிற்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

யூசுப் நபி (அலை) குற்றமற்றவர்கள். இந்த இளைஞரோ தவறு செய்தவர். உண்மைதான். ஆனால் அவருக்குரிய தண்டனையை நீதிமன்றம் அளந்து கொடுத்தது. அவரும் அதை அனுபவித்து முடித்தார். அதற்கு மேலும் ஒரு தண்டனையை விதிக்க எங்கள் குழுவுக்கு யார் அதிகாரம் தந்தது?

பின்னர் விசாரித்தபோது பல செய்திகள் தெரியவந்தன. திருச்சி மத்திய சிறையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையமே இயங்குகிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சிறைவாசிகளுக்குக் கட்டணமின்றிக் கல்வி வழங்குகிறது. புழல், வேலூர், கோவை முதலிய ஊர்களில் சிறைத்துறையின் பெட்ரோல் நிலையங்களில் சிறைவாசிகளே பணியாற்றுகிறார்கள். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, சிறைக் கல்விக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலரும், விடுதலையானோரை மீண்டும் சிறைப்படுத்தும் செலவில் 4 முதல் 5 டாலர் வரை மிச்சப்படுத்துவதாகக் கணக்கிட்டது. ஆனால் கற்றுத் தருவதோடு சிறையின் பணி முடிந்துவிடுகிறது. கற்ற தொழிலைச் செய்யக் கருவியும் வாய்ப்பும் வெளியே கிடைக்க வேண்டும்.

இதற்கு மார்க்கத்தில் இடமுண்டா என்று எங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டேன். அவர் புன்னகைத்தார். ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரில் ஏழைகளும் வறியவர்களும் கடனாளிகளும் இருக்கிறார்கள். அவர்களில் சிறை மீண்டவர் இல்லையென்று யார் சொன்னது என்று கேட்டார். தொழில் தெரிந்த ஏழைக்கு அவருடைய தொழிற்கருவிகளை வாங்கும் அளவுக்கு ஜகாத் கொடுக்கலாம் என்று இமாம் நவவி (ரஹ்) எழுதியிருப்பதையும் எடுத்துரைத்தார். பத்ருப் போரில் சிறைபிடிக்கப்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தோர், மதீனாவின் சிறார் பத்துப் பேருக்குக் கற்பித்தால் அதையே மீட்புத்தொகையாக நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதை நினைவூட்டினார். எதிரிப் படையில் வந்தவரிடமும் இருந்த திறமையை அவர்கள் கண்டார்கள். நான் என் தெருப் பிள்ளையிடம் குற்றத்தை மட்டுமே கண்டேன்.

அன்று மாலையே அவருடைய வீட்டுக்குச் சென்றேன். பழைய கூட்டாளி ஒருவர் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை; அவருடைய தாயாரின் முகமே சொல்லிவிட்டது. "தம்பி, ஒரு வாரம் பொறுங்க" என்று கேட்டுக்கொண்டேன். குழுவினரிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். கருவிகள் வாங்கப்பட்டன.

எனினும் ஒரு மாதமாகியும் எவரும் அவரை வீட்டுக்குள் விடவில்லை. என் கடையின் வயரிங் வேலையை அவரிடம் ஒப்படைத்தேன். அதைப் பார்த்து இன்னொருவர் அழைத்தார். பிறகு பள்ளிவாசல் மின்விசிறிகளைப் பழுதுபார்த்தார். இன்றும் சில வீடுகள் அவரை அழைப்பதில்லை. ஆயினும் தம் உழைப்பில் தாயாருக்குச் சோறு போடுகிறார்.

உங்கள் ஜமாஅத்திலும் இதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். கருவிக்கு, பயிற்சிக் கட்டணத்துக்கு, தேர்வுக் கட்டணத்துக்கு என எதை ஜகாத்திலிருந்து கொடுப்பது, எதை சதகாவிலிருந்து கொடுப்பது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கடையோ பட்டறையோ வைத்திருப்பவர்கள் முதல் வேலையைத் தாருங்கள். பணத்தைவிட அதுவே கடினமானது என்பதை நான் அனுபவத்தில் கண்டேன்.

நினைவூட்டப்பட வேண்டியவர்களை மறந்துவிடாத மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.