காலை வணக்கம், இன்றைய செய்திகள்

பள்ளிக்கூடத்தில் அப்படி என்ன பெரிய செய்தி நடந்துவிடப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். மணி அடிக்கும், பிரார்த்தனை நடக்கும், கணக்கு டீச்சர் கோபித்துக்கொள்வார், மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் வீடு. இதற்காக ஒரு பத்திரிகைக்காரி மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேற வேண்டுமா? வேண்டும் என்பதுதான் என் கட்சி.

2025ஆம் வருஷம் பிப்ரவரி 3ஆம் தேதி திங்கட்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமை வரை, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே உள்ள ஓர் அரசாங்கப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குத் தினமும் போய்வந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம் என்று தலைமை ஆசிரியை கேட்டுக்கொண்டார். "பெயரைப் போட்டீர்களானால் நல்லதை மட்டும்தான் எழுத வேண்டியிருக்கும் அம்மா" என்றார். நியாயமான பேச்சு. அதனால் பெயரை விட்டுவிட்டேன்.

அந்தச் சீமையை நீங்கள் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். ஆம்பூர் வருவதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு அறிந்துகொள்ளும். பிரியாணி வாசனையா, தோல் வாசனையா என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. பொழுது விடிவதற்குள் தெருமுனைகளில் பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். கையில் டிபன் பை, தலையில் ஈரம் உலராத கூந்தல். ஷூ கம்பெனி பஸ்கள் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போகின்றன. அயல்நாட்டுக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் மினுக்கும் செருப்பும் ஷூவும் எத்தனையோ இந்தக் கைகளில் தைத்தவைதான். அந்த அம்மாமார் போன பிறகு, அவர்கள் பெற்ற பெண்கள் தாங்களே தலை பின்னிக்கொண்டு, தம்பி தங்கைகளுக்கும் பின்னிவிட்டுப் பள்ளிக்கு வருகிறார்கள்.

காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், பிறகு செய்தி. தினம் ஒரு பெண் வாசிக்க வேண்டும். உள்ளூர் ஒன்று, தேசம் ஒன்று, உலகம் ஒன்று, விளையாட்டு ஒன்று என்பது சமூக அறிவியல் டீச்சர் போட்ட சட்டம். வாசித்ததை வாசலில் உள்ள பலகையில் சாக்பீஸால் எழுதியும் வைக்க வேண்டும். செய்தியைப் பொறுக்குவது அந்தப் பெண்ணின் பொறுப்பே தவிர டீச்சரின் பொறுப்பு அல்ல.

திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் முறை. ஒல்லியான உருவம்; மைக் அவள் நெற்றிக்கு நேரே நின்றது. முந்தின நாள்தான் கோலாலம்பூரில் நம் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணி தென்னாப்பிரிக்காவை ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்து உலகக் கோப்பையைத் தூக்கியிருந்தது. அந்த அணியில் நம் தமிழ்நாட்டுக் கமலினியும் உண்டு என்று அவள் சொன்னதும் எழுந்த கைதட்டலை அடக்க டிரில் டீச்சர் விசில் ஊத வேண்டியிருந்தது. அடுத்து, விண்வெளியில் இருந்த சுனிதா வில்லியம்ஸ் ஜனவரி 30ஆம் தேதி கலத்துக்கு வெளியே நடந்து, மொத்தம் 62 மணி நேரத்துக்கு மேல் நடந்த பெண் என்ற பெருமையைப் பெற்ற செய்தி. அதற்கும் கைதட்டல்.

மூன்றாவது, பிப்ரவரி 1ஆம் தேதி பட்ஜெட். தோல், காலணித் தொழிலுக்குத் தனித் திட்டம் வரப்போகிறது, அதனால் 22 லட்சம் பேருக்கு வேலை கிடைக்கும் என்று நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் பார்லிமெண்டில் எதிர்பார்ப்புத் தெரிவித்திருக்கிறார் என்று வாசித்தாள். இதுவும் நல்ல வரவேற்புப் பெற்றது. பாதிப் பெண்களுக்கு அது சொந்த வீட்டுச் செய்தி அல்லவா?

நாலாவது உள்ளூர்ச் செய்தி. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டுப்போன வழக்கில் ஜனவரி 30ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கம் ஆறு வாரத்துக்குள் நஷ்டஈடு கொடுத்துவிட்டு, அதை மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும்; ஆற்றைச் சீர்செய்யக் குழு அமைக்க வேண்டும். அவள் வாசித்து முடித்தாள். ஒருத்தியும் கைதட்டவில்லை. இதற்குத் தட்டுவதா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இந்த வழக்கு அந்தப் பெண்ணைவிட வயதில் மூத்தது. கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவைத் தொட்டுக்கொண்டு வாணியம்பாடி வழியாக உள்ளே வரும் பாலாற்றின் நீளம் 348 கிலோ மீட்டர். அதில் 222 நம் தமிழ்நாட்டில். பெயரில்தான் பால், வருஷத்தில் பெரும்பாலும் மணல். ஆனால் மணலுக்கு அடியில் ஊற்று உண்டு. அதை நம்பித்தான் கிணறும் வயலும் இருந்தன. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. 1970களில் பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதித்து, முழுச் சரக்காகச் செய்து அனுப்பு என்று தூண்டியதும் குரோம் உப்பு முறை வேகமாகப் பரவியது. ஒரு கிலோ தோலைப் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் தேவை. அது உப்பும் ரசாயனமுமாக வெளியே போகிறது. தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ ஓரளவோ விவசாயத்துக்கு லாயக்கற்றுப் போனதாக 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதித் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற விதியை வற்புறுத்தி, அன்றே ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள். அதன் பிறகு இருபத்தெட்டு வருஷம் ஓடி, மறுபடியும் ஒரு தீர்ப்பு.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண் ஆசிரியைகள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், எங்க அப்பா டேனரியிலதான் டிரம் ஓட்டுறாரு. அம்மா ஷூ கம்பெனி. இந்தத் தீர்ப்பு எங்களுக்கு நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?"

சமூக அறிவியல் டீச்சர் சாமர்த்தியசாலி. "அப்பாவையே கேட்டுக்கொண்டு வா. நாளைக்கு உள்ளூர்ச் செய்தி அதுதான்" என்றார்.

மறுநாள் தன் முறை இல்லாமலேயே அவள் மைக்குக்கு வந்தாள். டேனரித் தொழிலாளி ஒருவரின் பேட்டி என்று அறிவித்து, அவர் சொன்னதை அப்படியே வாசித்தாள்: "ஆத்துல நல்ல தண்ணி வந்தா சந்தோசம்தான். நான் சின்னப் பையனா இருந்தப்போ ஊத்து தோண்டிக் குடிச்சிருக்கேன். இப்ப கேன் தண்ணி வாங்குறோம். ஆனா டேனரியை மூடிட்டு ஆத்தைச் சரி பண்றேன்னா, என் பொண்ணுங்களுக்கு யாரு சோறு போடுவாங்க? ரெண்டும் ஒண்ணா நடக்க வழி சொல்லச் சொல்லு."

நான் எத்தனையோ பேட்டி எடுத்திருக்கிறேன். அதைவிட இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்ன பேட்டி எனக்கு நினைவில்லை. பேட்டி கண்டவள் தன் தகப்பனாரின் பெயரைச் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன். பதினாலு வயதுக்கு அந்த எச்சரிக்கை அதிகம்தான்.

மற்றபடி செவ்வாயும் புதனும் கலகலப்பாகப் போயின. ஆண்டு விழாவுக்குக் கரகாட்டம் பழகினார்கள். சொம்பு விழுந்த எண்ணிக்கையை ஓர் ஆறாம் வகுப்புக் குட்டி நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். செஞ்சிலுவைச் சங்கப் பெண்கள் கட்டுப் போடப் பழக ஆள் தேடி, "அக்கா, சும்மாதானே இருக்கீங்க?" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் எலும்பு முறிந்தவளாக உட்கார்ந்திருந்தேன். கோகோ ஆட்டத்தில் தமிழில் ஓடி, உருதுவில் சண்டை பிடித்து, தெலுங்கில் சமாதானம் ஆனார்கள். இவையெல்லாம் பலகையில் இடம் பிடித்தன.

இடம் பிடிக்காத செய்தி ஒன்று இருந்தது. பிளஸ் டூ வகுப்பில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி திங்கட்கிழமையிலிருந்து வரவில்லை. வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு ஆரம்பம். மார்ச் 3ஆம் தேதி அரசுத் தேர்வு. வகுப்பாசிரியை புதன் இரவு ஏழரை மணிக்கு அவள் வீட்டுக்குக் கிளம்பினார். அந்த நேரத்துக்குத்தான் தாயார் வேலையிலிருந்து திரும்புவாராம். நானும் கூடப் போனேன்.

ஒற்றை அறை வீடு. சின்னப் பையனுக்குக் காய்ச்சல், பாயில் படுத்திருந்தான். தகப்பனார் இல்லை, ஏன் இல்லை என்று நாங்கள் கேட்கவில்லை. பெண் எழுந்து நின்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நான் ஒரு நாள் லீவு போட்டா ஒரு நாள் சம்பளம் போச்சு டீச்சர். அதான் இவளைப் பாத்துக்கச் சொன்னேன்" என்றார் தாயார். பிறகு தயங்கித் தயங்கி மீதியையும் சொன்னார். பரீட்சை முடிந்து பதினெட்டு வயதானதும் பெண்ணைத் தங்கள் கம்பெனியிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு இரண்டு சம்பளம் வந்தால் கடன் தீரும்.

இந்த அம்மாளைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? அவர் கட்டைவிரலில் ஊசி குத்தித் தழும்பேறிய கறுப்புப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர் விடவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசாங்கப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலிருந்து நடப்பதைச் சொன்னார். பெண்களுக்காகவே மருத்துவப் பள்ளி ஒன்றை ஐடா ஸ்கடர் 1918லேயே தொடங்கிய ஊர் வேலூர் என்றார். அது இப்போது எடுபடாது என்று எனக்குத் தோன்றியது, எடுபடவும் இல்லை. "ஆயிரம் ரூபா வட்டிக்குக்கூடக் காணாதே டீச்சர்" என்றார் தாயார்.

அப்போதுதான் அந்தப் பெண் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "வேலூர்ல பிசிக்ஸ் சேரணும்மா."

"வேலூருக்கு எப்படிடீ போவே?"

"ரயிலில் போகலாம் அம்மா. இங்கிருந்து எத்தனையோ பெண்கள் சேர்ந்துதான் போகிறார்கள். சீசன் டிக்கெட்டும் அதிகம் ஆகாது" என்றார் டீச்சர்.

தாயார் யோசிக்கிறேன் என்றார். வியாழக்கிழமையும் பெண் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் பள்ளிக்குள் நுழையும்போதே ஆசிரியைகள் அறை கொந்தளித்துக்கொண்டிருந்தது. உங்களுக்கும் நினைவிருக்கும். முந்தின நாள் கோயம்புத்தூரிலிருந்து திருப்பதி செல்லும் ரயிலில், பெண்கள் பெட்டியில் தனியாக இருந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தியிடம் ஒருவன் முறைகேடாக நடந்து, அவள் எதிர்த்ததும் கே.வி. குப்பம் அருகே ஓடும் ரயிலிலிருந்து வெளியே தள்ளிவிட்டான். அவள் பிழைத்தாள், வயிற்றில் இருந்த சிசு பிழைக்கவில்லை. எங்கோ நடந்தது அல்ல. இந்தப் பெண்கள் வேலூர் போகும் அதே தண்டவாளம்.

"இன்றைக்குச் செய்தி வேண்டாம். குழந்தைகள் பயந்துவிடும்" என்றார் மூத்த ஆசிரியை ஒருவர். "செய்தியைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் உரிமை என்று நாம்தானே சொன்னோம்?" என்றார் சமூக அறிவியல் டீச்சர். தலைமை ஆசிரியை சற்று நேரம் பேசவில்லை. "செல்போனில் எல்லாரும் பார்த்தாகிவிட்டது. நாம் மட்டும் பார்க்காதவர்கள் மாதிரி இருந்தால், நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் நம்மிடம் சொல்ல வருவார்களா? வாசிக்கட்டும்" என்று முடித்தார்.

பதினோராம் வகுப்புப் பெண் வாசித்தாள். நாலே வாக்கியம். கடைசியில் ரயிலில் ஆபத்து என்றால் 139, பெண்களுக்கு 181, சிறுவர் சிறுமியருக்கு 1098 என்று மூன்று எண்களையும் சொல்லி, கூட்டம் முழுவதையும் திருப்பிச் சொல்ல வைத்தாள். நூற்றுக்கணக்கான குரல்கள் அந்த எண்களைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெருமையினாலா, வருத்தத்தினாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தால், வாசலில் அந்தத் தாயார்! தோளில் காய்ச்சல் விட்ட பையன். பக்கத்தில் ரெக்கார்டு நோட்டும் கையுமாகப் பெண். ஒலிபெருக்கியில் வந்தது எல்லாம் அவர் காதிலும் விழுந்திருந்தது.

"ரயில்ல அனுப்பச் சொன்னீங்களே டீச்சர்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வகுப்பாசிரியையால் பதில் சொல்ல முடியவில்லை. தலைமை ஆசிரியை முன்னால் வந்து, பையனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். "இன்றைக்கு இவன் என் அறையில் இருக்கட்டும். அவள் தேர்வு எழுதட்டும். நீங்கள் வேலைக்குப் போங்கள். மற்றதைப் பரீட்சைக்குப் பிறகு பேசலாம்" என்றார். தாயார் மகளின் ரிப்பனைச் சரிசெய்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். கம்பெனி பஸ் போய்விட்டிருந்தது; அன்று அரை நாள் சம்பளம் போயிருக்கும்.

பையன் சாயங்காலம் வரை தலைமை ஆசிரியையின் மேஜை மேல் இருந்த உலக உருண்டையைச் சுற்றிக்கொண்டிருந்தான். இதுவும் பலகையில் ஏறவில்லை.

ரயில் வழக்கில் அந்த மனிதனுக்கு 2025 ஜூலையில் திருப்பத்தூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. பிளஸ் டூ முடிவுகள் மே 8ஆம் தேதியே வெளிவந்திருந்தன. அன்று மாலை தலைமை ஆசிரியைக்குப் போன் செய்தேன். பெண் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். காலேஜுக்கு அனுப்பத் தாயார் சம்மதித்துவிட்டார், ஆனால் வேலூருக்கு அல்ல, வாணியம்பாடிக்கு. அங்கே போக ரயில் வேண்டாம், பஸ் போதும் என்பது தாயார் கட்சி. வேலூர் பிசிக்ஸ் என்னவாயிற்று என்று கேட்டேன்.

"இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்" என்றார் தலைமை ஆசிரியை. அவர் குரலில் வருத்தம் இல்லை.