காக்காப்பொன்னும் கைக்காசும்

ஜோத்பூர் - ஜெய்ப்பூர் ரயில் பாதையில டேகானான்னு ஒரு ஜங்ஷன் வரும். தார் பாலைவனத்தோட கிழக்கு ஓரம். மணல், அங்கங்க வன்னி மரம், பக்கத்துல ரேவத்னு ஒரு மொட்டைக் குன்று. அவ்ளோதான் ஊர். 2023 மே மாசம் திடீர்னு டிவியில எல்லாம் இந்தக் குன்றுதான். ஏகப்பட்ட லித்தியம் கிடைச்சிருக்காம், நாட்டோட தேவையில 80 சதவீதத்தை இதுவே தீர்த்துடுமாம்!

அங்க லித்தியம் இருக்கிறது நிஜம். ஆனா அது மைக்காவுக்குள்ள இருக்கு. மைக்கான்னா வேற ஒண்ணுமில்லைங்க, நம்ம ஊர்ப் பசங்க பொறுக்குற காக்காப்பொன். பழைய இஸ்திரிப்பெட்டிக்குள்ள கம்பியைச் சுத்தி வெச்சிருப்பாங்களே, அந்தத் தகடு. டேகானாவுல இருக்கிற லித்திய வகைக்கு சின்வால்டைட்னு பேரு. ஜெர்மனி - செக் எல்லையில சின்வால்ட்னு ஒரு சுரங்க ஊர், அதோட பேர்தான் இதுக்கும்.

நான் படிச்சது பி.காம். எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன். பூமிக்கடியில பாறைக் குழம்பு ஆறி கிரானைட்டா இறுகும்போது, லித்தியம், வெள்ளீயம், டங்ஸ்டன், ஃப்ளோரின் மாதிரி சரக்குகளுக்கு அந்தக் கல்லுல சுலபமா இடம் கிடைக்காது. எல்லாம் கடைசியா மிஞ்சுற கொதிநீர்ல போய்ச் சேர்ந்துடும். ரசம் சுண்டச் சுண்ட உப்பு கரிக்குமே, அதே கதை. சில நூறு டிகிரி சூட்டுல இருக்கிற அந்தத் தண்ணி விரிசல் வழியா ஏறும்போது, வழியில இருக்கிற கிரானைட்டை அரிச்சு மைக்காவாவும் குவார்ட்ஸாவும் மாத்திடுது. விரிசலுக்குள்ள குவார்ட்ஸோட சேர்ந்து டங்ஸ்டன் தாதுவும் படிஞ்சுடுது.

அந்த டங்ஸ்டனை முதல் உலகப்போர் காலத்துலயே இங்க தோண்டினாங்க. அப்புறம் சீனாவுல இருந்து மலிவா சரக்கு வர ஆரம்பிச்சதும் கட்டுப்படியாகாம 1990களில் சுரங்கத்தை மூடிட்டாங்க. கல்லு அதே கல்லுதான். விலைதான் மாறிடுச்சு.

செய்தி வந்த அந்த வாரம் எங்க கிளைக்கு ஒரு பெரியவர் வந்தார். சீரகமும் பாசிப்பயறும் போடுற விவசாயி. நாங்க அவரை காகாசான்னு கூப்பிடுவோம் (அவங்க ஊர் சித்தப்பா). இருக்கிற நிலத்தை அடமானம் வெச்சு குன்று அடிவாரத்துல நிலம் வாங்கணும், கடன் குடுங்க சாப்னு நின்னார். விக்கிறவர் ரெண்டு மடங்கு விலை சொல்றாராம்.

"காகாசா, நிலத்துக்கு அடியில இருக்கிற கனிமத்தை நிலத்துக்காரர் தன் இஷ்டத்துக்குத் தோண்ட முடியாது. அரசாங்கம் குத்தகைக்கு விடணும்"னேன். நம்பிக்கையில்லாம பார்த்தார். அதே மாசம் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனமும், இவ்வளவு இருக்குன்னு நாங்க சொல்லவே இல்லை, ஆய்வு இன்னும் நடக்குதுன்னு மறுப்பு வெளியிட்டுச்சு.

கனிம ஆய்வுல ஜி4, ஜி3, ஜி2, ஜி1னு நாலு படி இருக்கு. நான் அவருக்கு பேங்க் கணக்குல சொன்னேன்: "ஜி4ன்னா நீங்க வந்து விசாரிக்கிறது. ஜி3 மனு குடுக்கிறது. ஜி2 நாங்க வந்து நிலத்தைப் பார்க்கிறது. ஜி1 பத்திரமெல்லாம் சரிபார்த்து முடிக்கிறது. பணம் கைக்கு வர்றது அதுக்கும் அப்புறம்." ஜம்மு ரியாசியில 59 லட்சம் டன்னுன்னு 2023 பிப்ரவரியில சொன்னாங்களே, அதுவே ஜி3தான். மைக்காவுல இருந்து லித்தியத்தைப் பிரிக்கணும்னா பொடிச்சு, பிரிச்சு, நல்ல சூட்டுல வறுத்து, அப்புறம் தண்ணியில கரைச்செடுக்கணும். குடிக்கவே தண்ணிக்கு அல்லாடுற பூமியில அதுவும் ஒரு செலவு.

காகாசா மனுவை மடிச்சு பையில வெச்சுக்கிட்டார். அந்த வருஷம் பயிர்க்கடன் மட்டும்தான் வாங்கினார். அதுக்கப்புறம் எப்ப வந்தாலும் முதல் கேள்வி, "சாப், இப்ப ஜி எத்தனை?" :-)

'தாது'ங்கிறதை நான் விஞ்ஞான வார்த்தைன்னு நினைச்சிட்டிருந்தேன். பார்த்தா நம்ம காமர்ஸ் வார்த்தைங்க. கல்லுல உலோகம் இருந்தா அது கனிமம். தோண்டின செலவு போக நாலு காசு மிஞ்சினாத்தான் அதுக்குப் பேர் தாது. ஊர்ப்பக்கம் யாராவது "மலைக்கடியில புதையல், இப்பவே நிலம் வாங்கிப் போடுங்க"ன்னு போன் பண்ணினா, முதல்ல ஜி எத்தனைன்னு கேளுங்க.