எங்களுக்குக் கொல்லை கிடையாது

மார்கழியில் என்னை எழுப்பிவிடுவது ஊர்க்கோயில் ஒலிபெருக்கி. விடிகாலை நாலரைக்கெல்லாம் திருப்பாவை தொடங்கிவிடும். கோயிலுக்குள் எங்களை விடமாட்டார்கள். பாட்டை மட்டும் எங்கள் தெரு முழுக்க அனுப்பிவைப்பார்கள். அதற்கப்புறம் தூக்கம் எங்கே வரும்? அப்பா விட்டுப்போன பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு நோட்டைப் பிரித்து உட்காருவேன். அடுப்புக்கும் பாய்க்கும் நடுவே இருக்கிற மூன்று முழ இடம்தான் நான் நாவல் எழுதுகிற இடம். ஆறு மணிக்கு அம்மா எழுந்து வெந்நீர் அடுப்பை மூட்டினால் புகை சூழ்ந்துகொள்ளும். அதற்குள் எழுதியதுதான் அன்றைய எழுத்து.

பகலில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு இரவுப் பாடசாலை. நாலு வருசமாக ஒரே நாவல்.

பனிக்காலம் எழுத்தாளனுக்கு நல்ல காலம் என்பார்கள். இயக்கத்துக்காரனுக்கு அது கூட்டக் காலம். டிசம்பர் 6 பாபாசாகேப் மறைந்த நாள். டிசம்பர் 25 இரண்டு நினைவுகளோடு வரும். 1927-ல் மகாத்தில் மனுஸ்மிருதியை எரித்தது அந்தத் தேதியில்தான். 1968-ல் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்ததும் அதே தேதியில்தான். நாங்கள் எரித்ததும் எங்களை எரித்ததும் ஒரே நாளில். அடுத்து ஜனவரி 1, பீமா கோரேகான். துண்டறிக்கை எழுதி, மைக்செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, பனியில் தொண்டை கட்டி, ஒருவழியாக நாவலுக்குத் திரும்பினால், அதிலுள்ள கிழவிகளெல்லாம் துண்டறிக்கை மாதிரியே பேசத் தொடங்கியிருப்பார்கள்.

இந்த மார்கழியில் இன்னொரு சிக்கல். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒன்றரை சென்ட்.

பழைய தெருவில் எங்கள் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஊரில் வீட்டுக்கு வீடு கொல்லை உண்டு. முருங்கை, அவரைப் பந்தல், கிணற்றடியில் வாழை. எங்களுக்குக் கொல்லை கிடையாது. எங்கள் பெண்கள் கொல்லையைப் பார்த்தது அங்கே வேலை செய்யப் போனபோதுதான். சில வருசத்துக்கு முன்னால்தான் மூன்று சென்ட் மனைப்பட்டா கிடைத்தது. வீடு போக மீந்தது ஒன்றரை சென்ட். அங்கே சிமெண்ட் ஷீட் போட்டு ஓர் அறை எடுக்கவேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு எழுதவேண்டும் என்பது என் ஆசை. அம்மாவுக்கு அது கொல்லை. தை பிறந்தால் சுரை, பீர்க்கு, பாகல், வெண்டை என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். 1892-ல் எங்கள் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலத்தைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவன், வீட்டில் ஒன்றரை சென்ட்டுக்குப் பெற்ற தாயோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"ரூமு கட்டிக்கினு உள்ள உக்காந்து இன்னாடா எழுதப்போற? கொல்லையப் பத்தித்தான? அத கொல்லையிலயே உக்காந்து எழுது" என்றாள்.

எம்.ஏ. வகுப்பில் பெரும்பொழுது ஆறு என்று மனப்பாடம் செய்தோம். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் என்று எழுதினால் மதிப்பெண். அந்த முன்பனியில் ஈரத் துணியோடு வேறொருவர் அவரைப் பந்தலுக்குக் கீழே நின்றவள் எந்தத் திணை என்று கேள்வித்தாளில் வந்ததில்லை. நானும் கேட்கவில்லை. பட்டம் வேண்டியிருந்தது.

நண்பர் ஒருவர் கொடுத்து ஜமைக்கா கின்கெய்ட் தோட்டம் பற்றி எழுதிய நூலைப் படித்தேன். 1999-ல் வந்தது. ஆன்டிகுவா தீவில் பிறந்த கறுப்பின நாவலாசிரியர். அமெரிக்காவில் வெர்மான்ட்டில் உறைபனி மூடிய நாட்களில், விதைக் கம்பெனிகளின் பட்டியல்களைப் படித்தபடி வசந்தத்துக்குக் காத்திருப்பதை எழுதுகிறார். தோட்டம் என்றால் யாருடைய தோட்டம், யாருடைய உழைப்பு, அடிமைகளின் தீவுக்கு எந்தச் செடியை யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்டுக்கொண்டேதான் காத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு எந்தப் பட்டியலும் வருவதில்லை. அம்மாவின் விதைகள் சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து தகர டப்பாவில் இருக்கின்றன. அதைத் திறந்து திறந்து மூடுவது அவளுடைய பனிக்கால வேலை.

நாவலில் ஓர் அத்தியாயம். மருமகளாக வந்த இளம்பெண் தன் கூரைமேல் அவரைக்கொடி ஏற்றுகிறாள். பூவெடுக்கும் சமயத்தில் ஆண்டையின் ஆள் வந்து "சேரியில ஏதுடி பந்தல்" என்று வேரோடு பிடுங்கி எறிகிறான். எங்கள் கூரைமேல் ஒரு காலத்தில் அவரை ஓடியதாகவும் பூத்த கையோடு காணாமல்போனதாகவும் ஆயா சொல்லக் கேட்டதுண்டு. மிச்சம் என் கற்பனை. நன்றாக வந்திருப்பதாக நினைத்து ஒரு விடிகாலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. அடுப்பில் சுள்ளியைத் தள்ளியபடி கேட்டுக்கொண்டிருந்தவள், "அவன் எங்கடா புடுங்கினான்? நாந்தான் புடுங்கினேன்" என்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். கல்யாணமாகி வந்த முதல் வருசம் அவளுக்கு மார்கழி வேலை, பெரிய வீட்டுக் கொல்லையில் அவரைக்குச் சாம்பல் தூவுவது. அசுவினி பிடிக்காமலிருக்க. பனி ஈரம் காய்வதற்குள் தூவினால்தான் இலையில் சாம்பல் ஒட்டும், அதனால் இருட்டோடு போகவேண்டும். அறுப்பு ஓய்ந்த நேரத்தில் முற்றிய காய் ஒன்றைச் சேலையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். உள்ளே நாலு விதை. ஆடியில் கூரையோரம் ஊன்றினாள். இரண்டு முளைத்தன. பழைய கொடியவரை எப்போது ஊன்றினாலும் படரும். ஆனால் பகல் குறுகி ராத்திரி நீண்டால்தான் பூக்கும். இப்போது வருகிற செடியவரைக்கு அந்தக் கணக்கு இல்லை. மார்கழியில் கூரை முழுக்க ஊதாப் பூ. அந்த ஊதா அவரை பெரிய வீட்டுக் கொல்லையைத் தவிர வேறெங்கும் இல்லை.

"கொடி ஓடற வரைக்கும் பயமில்ல. எல்லா அவரையும் ஒரே எலதான? பூ வந்தப்புறம்தான் வயித்த கலக்கிச்சி. கழனிக்குப் போறவன் வரவன்லாம் நின்னு பாக்கறான். ராத்திரியோட ராத்திரியா பூவோட புடுங்கி அடுப்புல வச்சேன். பச்சக்கொடி எரியுமா? ஒரே பொக. ஆடு மேஞ்சிடுச்சின்னு உங்க ஆயாகிட்ட சொன்னேன்."

நான் நோட்டை மூடிவிட்டேன்.

தோழர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "ஆண்டை ஆளு புடுங்கினான்னே இருக்கட்டும் தோழர், வாசகனுக்குக் கோபம் வரணும்ல?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் யாரும் வந்து பிடுங்கவேண்டிய அவசியமே இல்லாதபடி அவர்கள் எங்களை வைத்திருந்தார்களே, அதை எழுத எனக்கு ஏன் தோன்றவில்லை? ஆள் வந்து பிடுங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. கூட்டத்தில் பேசிப்பேசிக் கை பழகிவிட்டது.

எழுதப்போகிறேன் என்றதும் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "நாலு வெதைக்குத் திருடின்னு எழுதப்போறியா?" பேரை மாற்றிவிடுகிறேன் என்றேன். "பேர மாத்தினா? தெருவுல எவளுக்குத் தெரியாது?" இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள். மனுசங்களைப் பற்றி எழுதுகிறவன் அவர்களைக் கேட்டுக்கொண்டா எழுதுகிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வெந்நீரை எடுத்து வைத்துவிட்டு அவளே சொன்னாள்: "எழுதிக்கோ. ஆனா பின்னாடி எடத்த எனக்கு வுட்டுடு."

ஷீட் வாங்கச் சேர்த்த காசில் ஒரு பகுதிக்கு முள்வேலியும் பந்தல் போட மூங்கிலும் வாங்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை முழ ஆழத்துக்கு நாலு குழி வெட்டி, ஆட்டுப் புழுக்கையும் சாம்பலும் கொட்டி ஆறப்போட்டிருக்கிறோம். குளிக்கிற தண்ணீர் அங்கே போக வாய்க்கால் இழுத்தாயிற்று. சுரையும் பீர்க்கும் முதலில். அவரைக்கு ஆடி வரைக்கும் பொறுக்கவேண்டும். அந்த ஊதா அவரை விதையைப் பக்கத்து ஊர்ச் சந்தையில் இரண்டு வாரமாகத் தேடுகிறேன். இன்னும் கிடைக்கவில்லை. பெரிய வீட்டுக் கொல்லையில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது.

தை பிறந்து பத்து நாள் போகட்டும், மண்ணுக்குச் சூடு ஏறட்டும் என்கிறாள் அம்மா. நாலரைக்கு எழுந்து அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பச்சைக்கொடி புகைகிற இடத்துக்கு இன்னும் வரவில்லை.