தந்தூர் மாடியேறிய கதை

நவம்பர் பிறந்ததும் தலைநகர் தில்லிக்குத் திறந்த வெளியில் உட்கார்ந்து சாப்பிடும் ஆசை வந்துவிடுகிறது. வெயிலுக்கும் புழுதிக்கும் பிறகு மழைக்கும் பயந்து மாதக்கணக்கில் அடைந்து கிடந்த வீடுகளில் பால்கனிக் கதவுகள் திறக்கின்றன. பிளாஸ்டிக் நாற்காலிகள் வெளியே வருகின்றன. வேர்க்கடலையும் முள்ளங்கியும் எள் மிட்டாயும் தட்டுகளில் நிறைகின்றன. விருந்தாளி வருகிறார் என்றால் காலையிலேயே பனீரோ கோழியோ மசாலா கலந்த தயிரில் ஊறத் தொடங்கிவிடும்.

சிக்கல் என்னவென்றால், தில்லியின் காற்று கெட்டுப்போவதும் அதே நவம்பரில்தான். வெளியே உட்காரலாம் என்று பருவம் அழைக்கும். மூச்சுவிடாதே என்று காற்று எச்சரிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் தில்லிவாசி கண்டுபிடித்த சமரசம், மின்சார கிரில்.

லாஜ்பத் நகரின் நாலு மாடி வீடுகளிலும் ரோஹிணி, மயூர் விஹார், துவாரகா பகுதிகளின் அடுக்ககங்களிலும் பால்கனி என்பது பெரும்பாலும் நாலடி அகல இடம். அதற்குள் ஏ.சி.யின் வெளிப்பெட்டி, துணிக்கொடி, துளசித் தொட்டி, உறை போட்டு மூடிய ஏர்கூலர், சில வீடுகளில் காலி காஸ் சிலிண்டர் எல்லாம் குடியிருக்கின்றன. மிச்சமிருக்கும் மூலையில் ஒரு ஸ்டூல். அதன்மேல் சூட்கேஸ் அளவில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே சிவக்கும் ஹீட்டர் கம்பி, மேலே வலைத்தட்டு அல்லது கம்பிச் சட்டம், கீழே கொழுப்பு சொட்டுவதற்கு ஒரு தட்டு. ஒயரைச் செருகிப் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும். கரி வேண்டாம், விசிறி வேண்டாம், மறுநாள் சாம்பல் அள்ளவும் வேண்டாம். கடைக்காரர்கள் இதை மின்சார தந்தூர், பார்பெக்யூ, கிரில் என்று ஆளுக்கொரு பெயரில் விற்கிறார்கள்.

தந்தூரின் வயதோடு ஒப்பிட்டால் இந்தப் பெட்டி நேற்றுப் பிறந்த குழந்தை. ராஜஸ்தானின் காலிபங்கனில், ஹரப்பா நாகரிக வீடுகளின் இடிபாடுகளுக்கிடையே தந்தூரை ஒத்த களிமண் அடுப்புகள் கிடைத்திருக்கின்றன. பஞ்சாப் கிராமங்களில் அது தனி வீட்டுச் சொத்தாக இருந்ததில்லை. ஊர்ப் பொதுவில் ஒரு தந்தூர். அதன் பெயரே சாஞ்சா சூல்ஹா, அதாவது பொது அடுப்பு. பெண்கள் வீட்டில் பிசைந்த மாவை எடுத்துவந்து வரிசையில் காத்திருப்பார்கள். ரொட்டி வேகும் நேரத்தில் கல்யாணப் பேச்சும் மாமியார் வழக்கும் சேர்ந்தே வேகும். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக அடுப்பு மூட்டுவதைவிட இதில் விறகு மிச்சம் என்பது இன்னொரு லாபம்.

1947-இல் பிரிவினை அந்த மக்களைத் தில்லிக்குத் துரத்தியபோது தந்தூரும் கூடவே வந்தது. பெஷாவரில் ஓர் உணவகத்தில் வேலை பார்த்த குந்தன் லால் குஜ்ரால், குந்தன் லால் ஜக்கி போன்றவர்கள் தரியாகஞ்சில் தொடங்கிய மோத்தி மஹால், தந்தூரி கோழியைத் தேசத்தின் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. அது புகழ்பெற்ற கதை. அவ்வளவாகப் பேசப்படாத கதை, அகதிகளுக்காக எழுந்த லாஜ்பத் நகர், ராஜேந்தர் நகர், படேல் நகர் போன்ற குடியிருப்புகளின் தெருமுனைகளில் நடந்தது. அங்கே ஒரு தந்தூர்க்காரர் குழியடுப்பைப் பதித்து உட்கார்ந்தார். கோடைக்காலத்தில் வீட்டுக்குள் அடுப்பு மூட்ட முடியாத குடும்பங்கள் மாவுப் பாத்திரத்தைக் குழந்தைகளிடம் கொடுத்தனுப்பின. ரொட்டிக்கு இத்தனை காசு என்று கூலி. துணியில் சுற்றிய சூடான ரொட்டிகளோடு குழந்தைகள் வீடு திரும்பின. ஊரை இழந்து வந்தவர்களுக்கு, தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அந்த வரிசை உதவியது.

பிறகு வீடுகள் வளர்ந்தன. அகதிகளுக்குக் கிடைத்த ஒற்றைத் தள மனைகளில் நாலு மாடிகள் எழுந்தன. தரைத்தளம் கார்களுக்குப் போனது. மாடிக்கொரு குடும்பம், மொட்டைமாடியும் பல இடங்களில் மேல்தளத்தை வாங்கியவரின் பத்திரத்தில் சேர்ந்துவிட்டது. 1957-இல் அமைந்த தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய அடுக்ககங்களில் முற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பொது அடுப்பு வைக்கப் பொது இடம் இல்லாமல் போனது. ரொட்டியை தாபாவிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று குடும்பங்கள் பழகிக்கொண்டன.

அந்த தாபாத் தந்தூருக்கும் சோதனை வந்தது. தில்லியின் மாசு எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று ஆராய்ந்த கான்பூர் ஐ.ஐ.டி., 2016-இல் வெளியான தன் அறிக்கையில், நகரில் சுமார் 9,000 ஓட்டல்களும் உணவகங்களும் பெரும்பாலும் தந்தூர்களில் நிலக்கரி எரிப்பதாக மதிப்பிட்டது. பத்துப் பேருக்கு மேல் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்கள் மின்சாரத்துக்கோ எரிவாயுவுக்கோ மாற வேண்டும் என்பது அதன் பரிந்துரை. தலைநகர் வட்டாரத்தில் காற்று கெடும்போது படிப்படியாகக் கட்டுப்பாடு விதிக்கும் திட்டம் 2017-இல் அறிவிக்கப்பட்டது. 2023-இல் அது திருத்தப்பட்டபோது, காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டும் முதல் கட்டத்திலேயே உணவக தந்தூர்களில் நிலக்கரிக்கும் விறகுக்கும் தடை என்றானது. 2025 டிசம்பரில் தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு, ஓட்டல், உணவகம், திறந்தவெளிக் கடை என்ற வேறுபாடு இல்லாமல் தந்தூரில் நிலக்கரியும் விறகும் கூடாது என்று உத்தரவிட்டது. மும்பையிலும் இதே காற்றுதான். பேக்கரிகள் விறகையும் கரியையும் ஆறு மாதத்தில் கைவிட வேண்டும் என்று 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் கெடு விதித்தது.

இந்த ஆணைகள் வீட்டுப் பால்கனியைக் குறிவைத்து எழுதப்பட்டவை அல்ல. ஆனால் பால்கனிக்கு வேறு நீதிபதிகள் இருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் கரியடுப்பு மூட்டினால் நாலாம் மாடியின் படுக்கையறை புகைந்துபோகும். அங்கே ஆஸ்துமாக்காரர் ஒருவர் இருக்கலாம். மேலே காயும் வேட்டியில் ஒரு பொறி பறந்து விழலாம். குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் போகும். புகைக்கு மட்டுமல்ல, வாசனைக்கும் புகார் உண்டு. வெங்காயம் பூண்டு சேர்க்காத சமையலறைக்குப் பக்கத்துப் பால்கனியில் ஆட்டிறைச்சி வேகும்போது, அது காற்றுத் தரம் சம்பந்தப்பட்ட பிரச்சினையாக மட்டும் இருப்பதில்லை. மின்சார கிரில் புகையைக் குறைக்கிறது, மணத்தைக் குறைப்பதில்லை. அந்த வழக்கு தீர இன்னும் எந்த இயந்திரமும் வரவில்லை.

ஆனால் வேறொரு விஷயத்தில் இந்தப் பெட்டி உண்மையிலேயே உயிர்காக்கும். வட இந்தியக் குளிர்காலத்தின் மாறாத செய்திகளில் ஒன்று, மூடிய அறைக்குள் கணப்புச் சட்டியோடு தூங்கியவர்களின் மரணம். அங்கீட்டி எனப்படும் அந்தச் சட்டியில் கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு கிளம்புகிறது. நிறமில்லை, மணமில்லை, ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தூங்குகிறவர் விழிப்பதேயில்லை. சுட்டுச் சாப்பிட்ட பிறகு மிச்சமிருக்கும் தணலை வீணாக்குவானேன் என்று அறைக்குள் எடுத்துப்போவது இப்படித்தான் முடிகிறது. மின்சாரக் கம்பியில் எரிவதற்குக் கரி இல்லை. ஆகவே இந்த விஷமும் இல்லை.

அதற்குப் பதிலாக அது வேறு ஆபத்துகளைக் கொண்டுவருகிறது. வீட்டு உபயோக கிரில்களில் பல 2,000 வாட் இழுப்பவை. 230 வோல்ட்டில் இது ஏறக்குறைய 8.7 ஆம்பியர். டேபிள் லைட்டுக்கும் டி.வி.க்கும் போட்ட 6 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது. கீசருக்குப் போடுவது போன்ற 16 ஆம்பியர் பிளக் வேண்டும். பழைய அடுக்ககங்களில் பால்கனிக்கு ஒரு பல்பு ஹோல்டர் கிடைத்ததே பெரிது. எனவே வரவேற்பறையிலிருந்து கதவிடுக்கு வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயர் நீள்கிறது. மெல்லிய ஒயர், சுருட்டி வைத்த ஒயர், மேலே யாரோ போட்ட மிதியடி. கபாப் வேகுமுன் ஒயர் வெந்துவிடும். குளிர்கால இரவில் கீசர் ஒரு 2,000 வாட், அறை ஹீட்டர் ஒரு 2,000 வாட், கிரில் ஒரு 2,000 வாட் என்று சேர்ந்தால் 6 கிலோவாட். இரண்டு, மூன்று கிலோவாட்டுக்கு அனுமதி வாங்கிய சின்ன வீட்டில் மெயின் சுவிட்ச் விழுந்து, விருந்து இருட்டில் நடக்கும்.

சாந்தினி சவுக்கில், ஒரு காலத்தில் பேகம் சம்ருவின் மாளிகையாக இருந்த பாகீரத் பேலஸைச் சுற்றியுள்ள மின்சாமான் சந்தையில், இதற்கு வேண்டிய எல்லாமே கிடைக்கும்: தடித்த ஒயர், மூன்று முள் பிளக், கசிவு மின்சாரத்தை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். அதே சந்துகளில் பேர் தெரியாத மலிவுச் சரக்கும் கிடைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை, எர்த் இணைப்பு, மழைச்சாரல் படாத இடம், கொழுப்புத் தட்டில் கொஞ்சம் தண்ணீர்: விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியன் கேட்பது இவ்வளவுதான். தண்ணீர் எதற்கென்றால், சொட்டும் கொழுப்பு தட்டில் கிடந்து தீயாமல் ஆறிப்போவதற்கு. புகை குறையும் ரகசியம் பாதி அதில்தான் இருக்கிறது. கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு கூடத்தில் கிரில் போட்டால் இந்த லாபமும் போய்விடும். வறுபடும் எண்ணெயின் ஆவி வீட்டுக்குள்ளேயே சுற்றும்.

ருசி? பழைய தில்லிக்காரர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஜாமா மசூதிக்கு எதிரே மட்டியா மஹால் தெருவில் சீக் கபாப்புக்குக் கூட்டம் கூடியது கரித்தணலின் பெருமையால்தான். களிமண் தந்தூரின் உட்சுவர் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். ரொட்டி அதில் ஒட்டிய ஒரு நிமிடத்தில் உப்பிக் கரும்புள்ளி விழும். வீட்டுப் பெட்டி அவ்வளவு சூட்டை எட்டுவதில்லை. ரொட்டி வேகிறது, ஆனால் நிதானமாக வேகிறது. நேரம் கூடக் கூட ஈரம் வற்றி முறுகிப்போகிறது. கரிமீது கொழுப்பு சொட்டி எழும் புகைதான் இறைச்சிக்கு அந்த வாசனையைத் தந்தது. கம்பிக்கு அந்த வித்தை தெரியாது. இதற்கும் வட இந்தியச் சமையலில் ஒரு பழைய தந்திரம் உண்டு. வெந்த கறியின் நடுவே சின்னக் கிண்ணத்தில் ஒரே ஒரு கரித்துண்டைப் பழுக்கக் காய்ச்சி வைத்து, அதன்மேல் ஒரு சொட்டு நெய் விட்டுப் பாத்திரத்தை மூடிவிடுவார்கள். துங்கார் என்று பெயர். ஒரு கூடைக் கரியின் மணத்தை ஒரு துண்டே கொடுத்துவிடுகிறது. ரொட்டிக்குப் பதில் பீகாரின் லிட்டியையும் ராஜஸ்தானின் பாட்டியையும் பெட்டிக்குள் வைப்பவர்களுக்குக் குறையே இல்லை. நின்று நிதானமாக வேக வேண்டிய உருண்டைகள் அவை.

புகை நிஜமாகவே ஒழிந்துவிட்டதா என்றும் கேட்கலாம். தில்லியின் தென்கோடியில் 705 மெகாவாட் உற்பத்தி செய்த பதர்பூர் அனல்மின் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. தலைநகரின் பெரிய புகைபோக்கி அணைந்ததே தவிர, நிலக்கரி மின்சாரத்தின் தேவை அணையவில்லை. சிங்கரௌலி போன்ற தொலைதூர வட்டாரங்களில் எரியும் நிலக்கரி, கம்பி வழியாக வந்து பால்கனியில் பனீரைச் சுடுகிறது. கிரில்லை அரைமணி நேரம் ஓட்டினால் ஒரு யூனிட். மூன்றாம் மாடியின் புகை நாலாம் மாடிக்குப் போகாமல் வேறொரு மாவட்டத்துக்குப் போகிறது. ஆனாலும் பத்தாயிரம் தந்தூர்களின் புகையைப் பிடிப்பதைவிட ஒரு புகைபோக்கியின் புகையை வடிகட்டுவது சுலபம். சூரிய மின்சாரம் கூடக் கூட அதுவும் குறையும். தில்லியின் நுரையீரல் இருக்கும் நிலையில் இந்த மாற்றத்தைக் குறை சொல்ல முடியாது.

குறை வேறொன்றில் இருக்கிறது. வீட்டுப் பெட்டியில் ஒரு தடவைக்கு இரண்டு, மிஞ்சினால் நாலு ரொட்டி. முதலில் சாப்பிட்டவர் எழுந்த பிறகுதான் கடைசி ஆளுக்குத் தட்டு வருகிறது. குடும்பமே சேர்ந்து உட்கார முடிவதில்லை, அக்கம்பக்கத்தைக் கூப்பிடுவது எப்படி? தெருமுனைத் தந்தூர் ஒரே நேரத்தில் டஜன் ரொட்டி சுட்டது அதன் குழி பெரியது என்பதால் மட்டுமல்ல, அதைச் சுற்றி நிற்க இடம் இருந்தது என்பதால்தான். மொட்டைமாடியைப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்காமல் எல்லோருக்கும் வைத்திருக்கும் கட்டடங்கள் தில்லியில் இன்னும் இருக்கின்றன. அங்கே தனி மீட்டரோடு ஒரு 16 ஆம்பியர் பிளக்கும், தலைக்குமேல் ஒரு தகரக் கூரையும் போதும். ஆறு வீட்டு மாவும் ஒரே இடத்துக்கு வரும். கரி போனாலும் வரிசை திரும்பிவிடும்.