பாம்பு காட்டிய வாய்க்காலும் பாம்பு பிடிக்கும் ஊரும்

கொடுமுடிப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். பவானியில் அணை கட்டிய காலிங்கராயர், வாய்க்காலை எப்படிக் கொண்டு போவது என்று திகைத்து நின்றபோது, ஒரு பாம்பு ஊர்ந்து வழி காட்டியதாம். 56 மைல் வளைந்து வளைந்து வந்து, கொடுமுடி அருகே ஆவுடையார்பாறையில் முடியும் வாய்க்காலைப் பார்த்தால் கதையை நம்பத் தோன்றும். ஆனால், மழையில் வளைக்குள் தண்ணீர் ஏறி, அதே பாம்பு மஞ்சள் காட்டு வரப்புக்கோ வைக்கோல் போருக்கோ வந்துவிட்டால், நம் கை தடியைத்தான் தேடுகிறது.

கொல்லாமல் பிடிக்கிறவர்களைப் பார்க்க ஐப்பசி மழையில் கிளம்பினேன். ஈரோடு போய் சென்னைக்கு ரயில். அங்கிருந்து மாமல்லபுரம் பஸ் ஏறி வடநெம்மேலியில் இறங்கினால், முதலைப் பண்ணை வளாகத்திலேயே இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்த மக்கள் இவர்கள். 1972-ம் ஆண்டின் வன உயிரினச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு போனது. ராமுலஸ் விட்டேகரின் துணையோடு 1978-ல் இந்தச் சங்கம் பிறந்தது. இப்போது தோல் இல்லை, விஷம் மட்டும்.

மழை விட்ட வயலில் இவர்கள் தேடுவது பாம்பை அல்ல, எலி வளையை. உரித்த சட்டை, எச்சம், ஈரமண்ணில் ஊர்ந்த தடம் இவற்றைப் பார்த்த பிறகுதான் கடப்பாரை இறங்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் மண்பானைக்குள் போகின்றன. வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, சில வாரங்களில் வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்து மறுபடி விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொண்டு குதிரை ரத்தத்தில் உருவாக்குவதுதான் நம் ஆஸ்பத்திரிகளில் போடும் விஷமுறிவு மருந்து. இந்த மக்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் கிராமத்து ஆட்கள்தான். எனவே ராத்திரி தண்ணீர் கட்டப் போனால் டார்ச்சும் பூட்ஸும் இல்லாமல் இறங்காதீர்கள். தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலை கட்டிப் படுங்கள். கட்டுவிரியன் தூக்கத்தில்தான் அதிகம் கடிக்கும். கடித்தால் கயிறு கட்டவோ, கீறவோ, உறிஞ்சவோ வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மந்திரிக்கப் போகும் ஒரு மணி நேரம் உயிரைக் குடித்துவிடும்.

சாரையைக் கண்டால் மட்டும் விட்டுவிடுங்கள். எலியைத் தின்று, கூலி கேட்காமல் நம் வெள்ளாமையைக் காக்கிற ஆள் அது.