ஸ்கிரிப்டுக்கு ஒரு க்யூப் டெஸ்ட்

எங்க ஃபிலிம் கிளப்ல வருஷா வருஷம் யாராவது ஒரு ஜூனியர் இந்தக் கேள்வியோட வந்து நிப்பாங்க: "ஸ்கிரிப்ட் முடிச்சுட்டேன். ஆன்லைன்ல காசு கட்டினா படிச்சு ஃபீட்பேக் தர்றாங்களாமே, கட்டலாமா?" பதில் ரெண்டே விதமாத்தான் வரும். "சுத்த வேஸ்ட்" ஒண்ணு. "கட்டிப் பாரு, போனா போகுது" இன்னொண்ணு. போனா போகுதுன்னு சொல்றவங்க யாரும் அந்தக் காசைத் தரப்போறதில்லை.

நான் இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்ட்ல கட்டிப் பார்த்தவன். அந்த உரிமையில சொல்றேன். பதில் ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. நீங்க அந்தக் காசுக்கு எதை வாங்கறதா நினைக்கிறீங்க, அதைப் பொறுத்தது.

முதல்ல இந்தச் சரக்கு எங்கேர்ந்து வந்ததுன்னு பார்ப்போம். ஹாலிவுட்ல ஒரு கம்பெனிக்கு வந்து குவியற ஸ்கிரிப்ட் எல்லாத்தையும் தயாரிப்பாளரே உட்கார்ந்து படிக்க முடியாது. ஒவ்வொண்ணும் 100, 120 பக்கம். அதனால 'ரீடர்'னு ஒருத்தரை வெச்சிருக்காங்க. அவர் படிச்சுட்டுக் கதைச்சுருக்கம் எழுதுவார். கட்டமைப்பு, கதாபாத்திரம், வசனம் பத்திக் குறிப்பு எழுதுவார். கடைசியில ஒத்தை வார்த்தையில தீர்ப்பு: 'பாஸ்', 'கன்சிடர்', 'ரெகமண்ட்'. நமக்கு பாஸ்னா தேறிட்டோம்னு அர்த்தம். அங்கே பாஸ்னா 'வேண்டாம், அடுத்ததை எடு'. இந்த ரிப்போர்ட்டுக்குப் பேர் கவரேஜ்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. கவரேஜ்ங்கிறது எழுதினவருக்காகப் பிறந்ததே இல்லை. படிக்க நேரமில்லாத முதலாளிக்காகப் பிறந்தது. அதே மாதிரி ரிப்போர்ட்டை எழுதினவர்கிட்டயே காசு வாங்கிட்டுத் தர்றதுதான் இந்த சர்வீஸ் எல்லாம்.

இதுல எல்லாருக்கும் தெரிஞ்ச பேர் 'தி பிளாக் லிஸ்ட்'. 2005-ல ஃபிராங்க்ளின் லெனார்ட்ங்கிறவர், தன்னை மாதிரி சினிமா கம்பெனிகள்ல வேலை பார்த்தவங்ககிட்ட, "இன்னும் படமாகாத ஸ்கிரிப்ட்ல உங்களுக்குப் பிடிச்சது எது?"ன்னு கேட்டுத் தொகுத்த பட்டியல் அது. 'ஜூனோ' அந்த முதல் பட்டியல்லயே இருந்தது. 2012-ல அவங்களே ஒரு இணையதளம் தொடங்கினாங்க. அதுல ஸ்கிரிப்டை வைக்க மாசக் கட்டணம், மதிப்பீட்டுக்குத் தனிக் கட்டணம். ரெண்டையும் குழப்பிக்காதீங்க. வருஷா வருஷம் வர்ற பட்டியலுக்குள்ள காசு கட்டி நுழைய முடியாது. காசுக்குக் கிடைக்கறது, பேர் தெரியாத ஒரு ரீடரோட குறிப்பும் பத்துக்கு இவ்வளவுன்னு ஒரு மார்க்கும். ஒரு முழுநீளப் படத்தோட மதிப்பீட்டுக்குச் சுமார் 100 டாலர். நம்ம காசுல 8,000 ரூபாய்க்கு மேல, அதாவது ரெண்டு மாச மெஸ் பில்.

அங்கே அந்த மார்க்குக்கு ஒரு வேலை இருக்கு. மார்க் நல்லா வந்தா ஸ்கிரிப்ட் இண்டஸ்ட்ரி ஆட்கள் கண்ணுல பட வாய்ப்பு உண்டு. இப்போ அதே ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு கோடம்பாக்கத்துல ஒரு ஆபீஸ் வாசல்ல நிக்கறதா நினைச்சுப் பாருங்க. "பத்துக்கு எட்டு வாங்கியிருக்கேன் சார்" என்றால் என்ன நடக்கும்? ஒண்ணும் நடக்காது. நம்ம ஊர்ல பெரும்பாலும் கதையைப் படிக்கறதில்லை, கேட்கறாங்க. ரெண்டு மணி நேரம் எதிர்ல உட்கார்ந்து, இன்டர்வெல் எங்கே வருது, பாட்டு எங்கே வருதுன்னு வாயால சொல்லணும். அந்த வாசலைத் திறக்கற சாவி இந்த ரிப்போர்ட்ல இல்லை. ஆக, நமக்கு மிஞ்சறது ஒண்ணே ஒண்ணு: நம்மள யாருன்னே தெரியாத ஒரு ஜோடிக் கண்.

அந்தக் கண்ணுக்கு மதிப்பு இருக்கா? இருக்கு. நான் அனுப்பினது, நாமக்கல்ல ஒரு எடை மேடையில ராத்திரி ஷிஃப்ட் பார்க்கற பொண்ணோட கதை. அந்த சர்வீஸ் பேர் வேண்டாம். தமிழ்ல எழுதினதை இங்கிலீஷ்ல மாத்தித்தான் அனுப்ப முடிஞ்சது. அதனால வசனம் பத்தி அவங்க எழுதினதை நான் கணக்குலயே எடுக்கல. லாரி டிரைவர் "என்னம்மா தங்கச்சி"ன்னு ஆரம்பிக்கறப்போ அதுல இருக்கற நக்கல் இங்கிலீஷ்ல எங்கேர்ந்து வரும்?

வந்த குறிப்புகள்ல மூணு மட்டும் சொல்றேன்.

ஒண்ணு: "கதை பாதியில முடிஞ்சு மறுபடி ஆரம்பிக்குது." சார், அதுக்குப் பேர் இன்டர்வெல். இதை அப்படியே விட்டுட்டேன்.

ரெண்டு: "26 வயசுப் பொண்ணு, இவ்வளவு கஷ்டத்துல ஏன் வீட்டை விட்டுப் போகல?" ரூம்மேட்கிட்ட படிச்சுக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரிச்சோம். ஆனா ராத்திரி அது திரும்ப வந்து உட்கார்ந்தது. அவ ஏன் போகலன்னு நமக்கெல்லாம் தெரியும். ஸ்கிரிப்ட்ல எந்தப் பக்கத்துல இருக்குன்னு தேடினா, எங்கேயும் இல்லை.

மூணு: "38-ஆம் பக்கம் வரைக்கும் நாயகி எதையும் செய்யல, எல்லாம் அவளுக்கு நடக்குது." இதுக்காகவே அந்தக் காசு கொடுக்கலாம். என் கதையைக் கேட்ட ஆறு ஃப்ரெண்ட்ஸ்ல ஒருத்தர்கூட இதைச் சொல்லல. சொல்லவும் முடியாது. அவங்களுக்கு என்னைத் தெரியும், நான் வாயால சொன்ன மீதிக் கதையும் தெரியும். ரீடருக்குப் பக்கத்துல இருக்கறது மட்டும்தான் தெரியும்.

சிவில் பசங்களுக்கு இது ஈஸியா புரியும். கான்க்ரீட் போட்டா 150 மில்லிமீட்டர் க்யூப் எடுத்து, தண்ணியில 28 நாள் வெச்சு, மெஷின்ல உடைச்சுப் பார்ப்போம். அதுல மூணு பாடம் இருக்கு. இறுகறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணக் கூடாது; நேத்து ராத்திரி முடிச்ச ஸ்கிரிப்டை இன்னிக்கு அனுப்பாதீங்க. ஒரு க்யூபை நம்பக் கூடாது, மூணு உடைச்சு சராசரி எடுக்கணும். ஒரு ரீடர்ங்கிறது ஒரு க்யூப்தான். முக்கியமானது மூணாவது. ரிசல்ட் குறைஞ்சா கலவையைப் பார்ப்போம், க்யூரிங்கைப் பார்ப்போம். "நான் இன்ஜினியர் ஆகலாமா?"ன்னு அந்த மெஷின்கிட்ட கேட்க மாட்டோம்.

ஆனா ஸ்கிரிப்ட் அனுப்பறவங்க பெரும்பாலும் கேட்கறது அதைத்தான். நானும் ரிப்போர்ட்டைத் திறந்ததும் முதல்ல தேடினது மார்க்கைத்தான். பத்துக்கு அஞ்சு. ஆஃபர் லெட்டர் இன்பாக்ஸ்ல காத்திருந்த நேரம் அது. கம்பெனியில சேரணுமா, சென்னைக்குப் போய் யார்கிட்டயாவது அசிஸ்டென்ட்டா சேரணுமான்னு அந்த அஞ்சு சொல்லும்னு பார்த்தேன். சொல்லல. ஒன்பது வந்திருந்தாலும் சொல்லியிருக்காது. அந்த முடிவை விக்கற கடை எங்கேயும் இல்லை.

சரி, கட்டறதுக்கு முன்னாடி என்ன செய்யலாம்?

முதல்ல பதிவு. 2018-ல 'சர்கார்' கதைக்கு வருண் ராஜேந்திரன் உரிமை கேட்டப்போ, தன் கதையை முன்னாடியே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்துல பதிவு பண்ணி வெச்சிருந்ததுதான் அவருக்குப் பலம். முகம் தெரியாத யாருக்கு அனுப்பினாலும் அதுக்கு முன்னாடி பதிவு பண்ணிடுங்க.

அடுத்தது, சத்தமாப் படிங்க. ஹாஸ்டல் ரூம்ல நாலு பேரை உட்கார வெச்சு, ஆளுக்கொரு கேரக்டர் கொடுத்துப் படிக்க விடுங்க. "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்காதீங்க, "சூப்பர்"னு மட்டும்தான் வரும். எந்தப் பக்கத்துல யார் ஃபோனை எடுத்தாங்கன்னு குறிச்சுக்கோங்க. அது இலவச கவரேஜ்.

மூணாவது, அதுல ஒரு சீனையாவது எடுத்துப் பாருங்க. 'காதலில் சொதப்புவது எப்படி', 'முண்டாசுப்பட்டி' ரெண்டும் குறும்படமா எடுத்து, அப்புறம் படமானவை. 8,000 ரூபாய்க்கு ஃபோன் கேமராவுல ஒரு அஞ்சு நிமிஷப் படம் தாராளமா எடுக்கலாம். தப்பு எங்கேன்னு எடிட்டிங்ல தானா தெரியும்.

இதெல்லாம் பண்ணி, ரெண்டாவது டிராஃப்டும் முடிச்சு, "எனக்கு இந்த இடம்தான் புரியல"ன்னு ஒரு குறிப்பிட்ட கேள்வி கையில இருந்தா, அப்போ கட்டுங்க. தமிழ்லயே படிக்கறவர் கிடைச்சா இன்னும் நல்லது, அவர் இதுவரை என்ன எழுதியிருக்கார்னு பார்த்துட்டுக் கொடுங்க. மார்க் இருக்கற பக்கத்தைக் கடைசியாப் படிங்க.

என் விஷயம் கேட்டீங்கன்னா, ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போட்டாச்சு, ஜூலையில ஜாயினிங். எடை மேடைப் பொண்ணு இப்போ 12-ஆம் பக்கத்துலயே ஒரு லாரியை மறிச்சு நிறுத்தறா.